எல்லோரும் ஒரு பக்கம் எழுந்து வந்தால்?

2009 செப்டம்பர் 30 அன்று மாலை தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஓட்டிய படகு அது. ஏரியில் இறங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த புதுப்படகு. கரையோரம் காட்டு விலங்குகள் தென்பட்டதும் மேல்தளத்தில் இருந்தவர்கள் அந்தப் பக்கமாகத் திரண்டார்கள். படகு சாய்ந்தது, நிமிரவே இல்லை. பயணிகள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்ற பேச்சும் அப்போது எழுந்தது. விலங்குகளைக் காட்டுவதற்கென்றே காசு வாங்கிக்கொண்டு ஓட்டும் படகில், விலங்கைக் கண்டவர்கள் எழுந்து நிற்பார்கள் என்று கணிக்கப் பெரிய ஞானம் எதுவும் வேண்டியதில்லை. கணித்திருக்க வேண்டியவர்கள் படகைத் திட்டமிட்டவர்களும் அனுமதித்தவர்களும். ஆற்றுப் போக்குவரத்துக்கு ஒரு பயணிகள் படகை வடிவமைக்கச் சொல்லி மாணவர்களுக்குச் செயல்திட்டம் கொடுக்கும் ஆசிரியர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

செயல்திட்டம் வழியே கற்பித்தல் இன்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறையாகிவிட்டது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை அதைப் பேசுகிறது. அந்தக் கொள்கையோடு முரண்படும் தமிழ்நாட்டு அரசும் 2022இல் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் தாமே செய்து பார்த்துக் கற்க ‘வானவில் மன்றம்’ தொடங்கியது. பொறியியல் கல்லூரிகளில் செயல்திட்டம் இல்லாமல் பட்டமே கிடையாது. இவற்றில் படகு என்பது அடிக்கடி வரும் தலைப்பு. ஆனால் அது பெரும்பாலும் எப்படி முடிகிறது? தெர்மாகோலிலோ பிளாஸ்டிக் பாட்டில்களிலோ ஓர் உடல், பின்னால் சிறிய மோட்டார், கூரையில் ஒரு சோலார் தகடு, பக்கத்தில் வண்ண அட்டையில் ஆர்க்கிமிடிஸ். தொட்டியில் விட்டால் மிதக்கிறது, ஓடுகிறது. கைதட்டல், மதிப்பெண், சான்றிதழ். கல்லூரி என்றால் தெர்மாகோலுக்குப் பதில் கணினித் திரையில் பளபளக்கும் முப்பரிமாணப் படம். இரண்டிலும் பயணிகள் இல்லை. இருந்தாலும் பசை போட்டு ஒட்டிய பொம்மைகளாக இருக்கிறார்கள்; அவர்கள் எழுந்திருப்பதில்லை, நகர்வதில்லை, எட்டிப் பார்ப்பதில்லை. மிதப்பது படகின் குறைந்தபட்சத் தகுதி, மரக்கட்டைக்கும் உள்ள தகுதி. பயணிகள் படகைப் பயணிகள் படகாக்குவது அதில் ஏறும் சுமை தன் காலால் நடமாடும் சுமை என்பதே. அந்த ஒன்றை விட்டுவிட்டு நடத்தும் செயல்திட்டம் கைவேலை வகுப்பாக இருக்கலாம், வடிவமைப்புப் பாடமாகாது.

உலகக் கப்பல் துறை இதை வெகுகாலமாக அறிந்திருக்கிறது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் நிலைத்தன்மை விதித்தொகுப்பில் பயணிகளைப் பற்றிய பகுதியை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்தாலும் புரியும். ஒரு பயணியின் எடை குறைந்தது 75 கிலோ என்று வைத்துக்கொள்ள வேண்டும். நிற்பவரின் ஈர்ப்பு மையம் தளத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்ள வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு நான்கு பேர் வீதம் அவர்கள் ஒரு பக்கமாக நெருக்கியடித்து நிற்பதாகக் கணக்கிட வேண்டும். அப்படி நின்றாலும் கப்பல் 10 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. இந்த விதியின் அழகு அதன் எண்களில் மட்டும் இல்லை. மக்கள் ஒரு பக்கம் கூடத்தான் செய்வார்கள் என்பதை அது தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறது. அறிவுரை சொல்லவில்லை, கூடாதீர்கள் என்று பலகை மாட்டச் சொல்லவில்லை. மனித இயல்பை ஒரு விசையாக எடுத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. விதி கடற்கப்பல்களுக்கானது, ஆற்றுப் படகுக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்கலாம். அலையும் தூரமும் மாறும், சட்டப் பிரிவும் மாறும். ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும் ஆசை கடலிலும் ஆற்றிலும் ஒன்றுதான்.

கணக்கு உண்மையில் எவ்வளவு எளியது என்று பார்த்துவிடலாம். பெட்டி வடிவில் ஒரு படகு. நீளம் 12 மீட்டர், அகலம் 3 மீட்டர், 40 பயணிகளோடு மொத்த எடை 12 டன். ஆற்று நீரில் அது 33 சென்டிமீட்டர் அமிழும். எல்லாம் சேர்ந்த ஈர்ப்பு மையம் படகின் அடியிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40 பேரும் ஒரு பக்கமாக ஒரே ஒரு மீட்டர் நகர்ந்தால் படகு சுமார் 12 டிகிரி சாய்கிறது. அதாவது ஒரு பக்க விளிம்பு 30 சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. நீர்மட்டத்துக்கு மேல் பக்கச் சுவர் அவ்வளவு உயரம் இல்லையென்றால் தண்ணீர் உள்ளே வரும். இப்போது அதே படகுக்கு ஒரு மேல்தளம் போட்டு, 40 பேரில் 20 பேரை 2.2 மீட்டர் உயரே ஏற்றுவோம். மேல்தளத்தின் எடையைச் சேர்க்காமலேயே சாய்வு 15 டிகிரியைத் தொடுகிறது. ஓர் ஆள்கூடக் கூடவில்லை, ஒரு கிலோகூடக் கூடவில்லை. உயரம் மட்டுமே மாறியது. மேல்தளத்தை எடுத்துவிட்டு அகலத்தை 3 மீட்டரிலிருந்து 3.6 ஆக்குவோம். எடையும் ஈர்ப்பு மையமும் மாறவில்லை என்றே கொண்டு, பயணிகள் நகரும் தூரமும் அதற்கேற்பக் கூடும் என்று சேர்த்துக்கொண்டாலும் சாய்வு 6 டிகிரிதான். நீர்மட்டப் பரப்பு படகை நிமிர்த்தும் திறன் அகலத்தின் மும்மடிப்படி பெருகுகிறது. அறுபது சென்டிமீட்டர் கூட்டியதற்கு இவ்வளவு பலன் அதனால்தான். மூன்று படகும் தொட்டியில் விட்டால் மிதக்கும். மூன்றுக்கும் கண்காட்சியில் ஒரே மதிப்பெண் கிடைக்கும். பன்னாட்டு விதியின் 10 டிகிரி எல்லைக்குள் வருவது ஒன்றே ஒன்று.

இந்தக் கணக்கின் அடிப்படையை 1746இல் வெளிவந்த தன் நூலில் விளக்கியவர் பியர் பூகேர் என்ற பிரெஞ்சு அறிஞர். பூமியின் வடிவத்தை அளப்பதற்காகத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்கு அனுப்பப்பட்ட குழுவில் இருந்தவர். கப்பல் கவிழாமல் இருப்பது எப்படி என்று மலையுச்சிகளுக்கு நடுவே யோசித்திருக்கிறார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, கணக்குத் தெரியாத காலத்திலும், சோதனை தெரிந்திருந்தது. 1628இல் சுவீடன் அரசர் கட்டிய ‘வாசா’ என்ற போர்க்கப்பல் புறப்படும் முன் 30 ஆட்களை அதன் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு, மேற்பார்த்த கடற்படை அதிகாரி சோதனையை நிறுத்தச் சொன்னார். கப்பலையோ நிறுத்தவில்லை. அரசர் அவசரப்பட்டார், யாரும் அவரிடம் சொல்லத் துணியவில்லை. அந்த ஆகஸ்டில் முதல் பயணத்திலேயே ஏறத்தாழ 1,300 மீட்டர் போன ‘வாசா’ ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள் மூழ்கியது. சோதனை செய்வது பாதி வேலைதான், அதன் முடிவை ஏற்பது மீதி வேலை என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல கதை கிடைக்காது.

ஆற்றுப் படகுக்கே உரிய பாடம் சிகாகோவில் இருக்கிறது. 1915 ஜூலை 24 காலை, சிகாகோ ஆற்றின் படகுத்துறையில் கட்டப்பட்டிருந்த ‘ஈஸ்ட்லேண்ட்’ என்ற பயணிகள் கப்பல், ஏறத்தாழ 2,500 பேரை ஏற்றிக்கொண்டு புறப்படத் தயாரான நிலையில், நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. இறந்தவர்கள் 844 பேர். புயல் இல்லை, மோதல் இல்லை, கரை சில அடி தூரத்தில். ஏற்கெனவே மேல்பாரம் கூடிய கப்பல் அது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘டைட்டானிக்’ மூழ்கிய பிறகு, எல்லோருக்கும் போதுமான உயிர்காப்புப் படகுகள் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து சட்டமானது. அதையொட்டி அந்தக் கோடையில் ‘ஈஸ்ட்லேண்ட்’டின் மேல்தளத்தில் கூடுதல் உயிர்காப்புப் படகுகள் ஏற்றப்பட்டன. காப்பாற்றுவதற்காக ஏற்றிய பாரம், ஏற்றிய உயரத்தால் ஆபத்தைக் கூட்டியது. பாதுகாப்பு என்பதைக் கடைசியில் வாங்கி மாட்டும் சாமான்களின் பட்டியலாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மாணவர்களின் திட்ட அறிக்கைகளிலும் ‘பாதுகாப்பு அம்சங்கள்’ என்ற தலைப்பு கடைசிப் பக்கத்தில்தான் வரும்: லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. படகின் பாதுகாப்பு முதல் பக்கத்தில், அகலத்தையும் உயரத்தையும் முடிவுசெய்யும்போதே, பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்றுண்டு. நம் நாட்டில் படகு கவிழ்வது வடிவமைப்பால் அல்ல, பேராசையாலும் சட்டமீறலாலும். அப்படியிருக்க மாணவர்கள் கணக்குப் போட்டு என்ன பயன் என்பார்கள். எண்ணிக்கை அவர்கள் பக்கம் இருப்பதை மறுக்க முடியாது. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் 1924 ஜனவரியில் பல்லனை ஆற்றில் ‘ரிடீமர்’ படகு கவிழ்ந்து இறந்தது முதல், 2002இல் முகம்மாவிலிருந்து குமரகத்துக்குத் தேர்வெழுதப் போன இளைஞர்கள் உட்பட 29 பேர் வேம்பநாட்டு ஏரியில் மாண்டது, 2007இல் தட்டேக்காட்டில் பெரியாற்றில் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக 18 பேர் இறந்தது, 2011 கிறிஸ்துமஸ் நாளில் நம் பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உலா போன இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது வரை, அளவுக்கு மீறிய கூட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகிலும் கூட்டம் அளவுமீறியிருந்தது. ஆனால் அந்தப் படகைப் பற்றி இன்னொன்றும் தெரியவந்தது: அது மீன்பிடிப் படகாகப் பிறந்து, இரண்டடுக்குச் சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது. மீன்பிடிப் படகின் சுமை அடிவயிற்றில் இருக்கும். பிடித்த மீனும் பனிக்கட்டியும் எழுந்து நடப்பதில்லை. அந்த உடலின்மேல் மாடி கட்டி மக்களை ஏற்றுவது, முன்பு சொன்ன பெட்டிப் படகின் இரண்டாம் கணக்கை உயிருள்ளவர்களை வைத்துச் செய்து பார்ப்பது. கூட்டம் சேர்த்தவரின் குற்றம் குறையப்போவதில்லை. ஆனால் கூட்டம் சேரும் என்று தெரிந்த ஊரில், கூட்டம் சேர்ந்தால் தாங்காத படகு துறையில் நிற்கிறது என்றால், சட்டமீறலும் வடிவமைப்பும் இரண்டு தனித்தனிக் காரணங்கள் என்று பிரித்துப் பேச முடியாது.

வடிவமைப்பு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அதே கேரளமே சான்று தருகிறது. 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ நாட்டின் முதல் சூரிய மின்சக்திப் பயணிகள் படகு. செய்திகள் எல்லாம் சூரிய ஒளியைப் பற்றியே எழுதின. கவனிக்க வேண்டியது அதன் உடல். 75 பேருக்கான அந்தப் படகின் நீளம் 20 மீட்டர், அகலம் 7 மீட்டர். இரண்டு ஒல்லியான உடல்களை இடைவெளி விட்டு இணைத்த அமைப்பு. கூரையில் தகடுகளைப் பரப்ப அகலம் தேவைப்பட்டது, அந்த அகலமே நிலைத்தன்மையும் தந்தது. உடல்கள் ஒல்லியாக இருப்பதால் தண்ணீரின் எதிர்ப்பும் குறைவு, குறைந்த மின்சாரத்தில் ஓட முடிகிறது. ஒரு தேவையைத் தீர்க்கப் போட்ட கோடு இன்னும் இரண்டைத் தீர்த்துவிட்டது. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவில் இன்னொரு படி மேலே போனார்கள். கொச்சிக் கப்பல் கட்டும் தளம் கட்டிய, நூறு பேர் செல்லக்கூடிய அந்த மின்படகுகளுக்கும் இரட்டை உடல்தான். படகுத்துறையோ நீர்மட்டத்தோடு தானும் ஏறி இறங்கும் மிதவை மேடை. ஏற்றவற்றம் எப்படி இருந்தாலும் மேடையும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் நிற்பதால் சக்கர நாற்காலியும் ஏறும், மூட்டுவலிக்காரரும் ஏறலாம். உள்ளே போக ரயில் நிலையத்தைப் போலத் தடுப்பு வாசல் வழியே ஒவ்வொருவராகத்தான் போக முடியும், ஆகவே எண்ணிக்கை தானாகவே பதிவாகிறது. கூட்டம் சேர்க்காதே என்று படகோட்டிக்கு உபதேசிப்பதற்கும், கூட்டம் சேரவே முடியாதபடி வாசலை அமைப்பதற்கும் உள்ள தூரத்தைத்தான் வடிவமைப்பு என்கிறோம். மாணவர்கள் படகை மட்டும் வரைந்தால் இதைக் காண மாட்டார்கள், துறையையும் சேர்த்து வரையச் சொல்ல வேண்டும்.

சட்டத்தை நம்புகிறவர்களுக்கு இன்னொரு பதிலும் உண்டு. 1917ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தின் இடத்தில் 2021இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. பதிவும் ஆய்வுச் சான்றும் இல்லாமல் பயணிகள் படகு ஓட்டக்கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சான்றை யார் கேட்கப்போகிறார்கள்? இவ்வளவு பெரிய நாட்டில் ஒவ்வொரு துறையிலும் கப்பல் பொறியாளர் நிற்க முடியாது. அங்கே நிற்பவர்கள் ஊராட்சித் தலைவர், வருவாய் ஆய்வாளர், காவலர், குத்தகைக்காரர், உள்ளூர் நிருபர். இன்னொருவரும் நிற்கிறார், பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிவந்த ஆசிரியர். தட்டேக்காட்டில் இறந்தவர்கள் பள்ளிச் சுற்றுலாவில் வந்தவர்கள். 2024 ஜனவரியில் குஜராத்தின் வடோதராவில் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்ததும் பள்ளிச் சுற்றுலாவில்தான். பிள்ளைகளைக் கூட்டமாகப் படகில் ஏற்றும் நிறுவனங்களில் பள்ளிக்கூடம் முக்கியமானது. அந்தப் பள்ளிக்கூடத்தின் பாடத்தில் படகு எப்போது கவிழும் என்பது இல்லை. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் மிதப்பு விசை இருக்கிறது, ஆர்க்கிமிடிஸ் இருக்கிறார், தேர்வில் வினாவும் வருகிறது. வகுப்பில் ஒருமுறை தானே ஒரு படகைக் கவிழ்த்துப் பார்த்த பிள்ளை, பின்னாளில் எந்த வேலைக்குப் போனாலும், மீன்பிடிப் படகின்மேல் ஒரு மாடியைக் கண்டால் ஏற யோசிப்பாள், கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தால் பேனாவை மூடுவாள். இந்தச் செயல்திட்டத்தால் ஆயிரம் கப்பல் பொறியாளர்கள் உருவாக வேண்டியதில்லை, கேள்வி கேட்கத் தெரிந்த சில லட்சம் பயணிகள் உருவானால் போதும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கடினம் என்பது அடுத்த மறுப்பு. செலவு என்பதும் கூடவே வரும். இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டி தீர்த்துவைக்கும். மாதிரிப் படகின் நடுவில் ஒரு குச்சி நட்டு, அதில் நூலில் கட்டிய திருகாணியைத் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டு, பின்னால் ஒரு கோணமானியை ஒட்டினால் கருவி தயார். எடை தெரிந்த பொருள்கள், ஐந்து ரூபாய் நாணயங்கள் என்றாலும் சரி, அவைதான் பயணிகள். நடுவில் வைத்து ஒரு அளவு, ஒரு விரற்கடை நகர்த்தி ஒரு அளவு, விளிம்பில் வைத்து ஒரு அளவு. பிறகு ஒரு தீப்பெட்டியின்மேல் ஏற்றி உயர்த்தி அதே அளவுகள். கட்டி முடித்த கப்பல்களுக்குக் கப்பல் தளங்களில் செய்யும் சாய்வுச் சோதனையும் கோட்பாட்டளவில் இதுவேதான்: தெரிந்த எடையைத் தெரிந்த தூரம் நகர்த்து, எவ்வளவு சாய்கிறது என்று ஊசற்குண்டைப் பார்த்து அள, அதிலிருந்து ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடி. சிறு வகுப்புகளுக்கு அளவும் வரைபடமும் போதும். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் வந்துவிடுகிறது, பிறகு டேன்ஜெண்ட் ஒரு விளக்கமற்ற விகிதமாக இராது, சாய்ந்த படகின் கோணமாகிவிடும். பொறியியல் மாணவர்களுக்கோ மன்னிப்பே கிடையாது. 15 டிகிரியில், 30 டிகிரியில் நிமிர்த்தும் விசை என்ன ஆகிறது, அடித்தளத்தில் புகுந்த தண்ணீர் இப்படியும் அப்படியும் ஓடும்போது நிலைத்தன்மை எவ்வளவு குறைகிறது என்பதுவரை அவர்கள் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆற்றில் தண்ணீரே இல்லாத மாநிலத்தில் படகுப் பாடமா என்று சிரிப்பவர்களுக்கு: சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டிக்கும் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவே, கதவணை தேக்கிய காவிரியில் விசைப்படகுகள் ஆட்களையும் இருசக்கர வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போய்வருகின்றன. தெங்குமரஹாடா மக்கள் மாயாற்றைப் பரிசலில் கடந்திருக்கிறார்கள். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் வாழும் காணி மக்களுக்குப் படகுதான் பேருந்து. ஒகேனக்கல்லின் பரிசல்கள் ஊரறிந்தவை. இவை எல்லாம் வரைபடத்தில் சிறிய இடங்கள்தான். ஆனால் ஒரு செயல்திட்டத்துக்கு வேண்டியது பெரிய ஆறு அல்ல, உண்மையான பயணி. பூலாம்பட்டித் துறையை எடுத்துக்கொண்டால் பயணி தன் இருசக்கர வாகனத்தோடு வருகிறார். நூறு கிலோவுக்கும் மேல் உள்ள வண்டி எங்கே நிற்கும், சாய்ந்தால் உருளுமா, அதைக் கட்டிவைக்க நேரமாகுமா, அந்த நேரத்துக்குப் பயணி பொறுப்பாரா? காய்கறிக் கூடையோடு வரும் பெண் எதைப் பிடித்துக்கொண்டு இறங்குவார், சேலைக்கு எவ்வளவு உயரப் படி சரி? அணையில் நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் பல அடி மாறும்போது துறை எங்கே போகும்? வெயிலுக்குக் கூரை வேண்டும். கூரை கனத்தால் ஈர்ப்பு மையம் உயரும், கூரைமேல் ஆள் ஏறினால் இன்னும் உயரும், ஆகவே ஆள் ஏற முடியாதபடி சரிவாக, மெல்லியதாக அமைக்க வேண்டும். பேட்டரியைக் கனமான தொல்லையாகப் பார்க்காமல் அடித்தளத்தில் வைத்தால் அந்தக் கனமே படகை நிலைநிறுத்தும். லைஃப் ஜாக்கெட்டை எல்லோரும் அணிய வேண்டும் என்பது சரிதான், ஆனால் நான்கு பக்கமும் அடைத்த அறையில் படகு கவிழ்ந்தால் அதே ஜாக்கெட் ஆளை மேலே தூக்கி அறைக்குள்ளேயே சிக்கவைக்கும். ஆகவே ஜாக்கெட்டைப் பற்றிய முடிவு சன்னலைப் பற்றிய முடிவும்கூட. இப்படி ஒன்றை இழுத்தால் இன்னொன்று வரும் பிணைப்புதான் வடிவமைப்பு. எந்தப் பாடப்புத்தகத்தின் எந்த ஒற்றை அலகிலும் இது கிடைக்காது.

எல்லாவற்றையும் நிலைத்தன்மைக்கே பலிகொடுத்துவிட்டால் படகு ஓடவே ஓடாது என்று பொறியாளர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். அகலம் கூடினால் செலவு கூடும், ஒற்றை உடலாக இருந்தால் எதிர்ப்பும் எரிபொருளும் கூடும், குறுகிய கால்வாயில் இரண்டு படகுகள் ஒன்றையொன்று கடக்க முடியாது, கட்டணம் ஏறினால் மக்கள் பழைய தோணிக்கே திரும்பிப் போவார்கள். அளவுக்கு மீறி நிலைத்த படகு வெடுக்கென்று ஆடி, நிற்பவரைத் தள்ளிவிடவும் செய்யும். மாணவர்கள் எந்த விட்டுக்கொடுப்பைச் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று எழுத வேண்டியது இதனால்தான். விட்டுக்கொடுக்கவே கூடாத எல்லை எது என்பதும் அதில் இருக்க வேண்டும். பத்து டிகிரி என்பது அப்படியோர் எல்லை. கட்டணத்தைக் குறைக்க இருக்கையின் பஞ்சைக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்கலாம், வண்ணப்பூச்சைக் குறைக்கலாம்; அகலத்தில் கைவைக்கக் கூடாது.

நேரமில்லை, தேர்வு இருக்கிறது, பாடம் முடிக்க வேண்டும் என்ற முனகலுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அறிவியல், கணிதம், சமூக அறிவியல் மூன்றிலும் எப்படியும் நடத்தியாக வேண்டிய பகுதிகளைத்தான் இந்தப் படகு சுமக்கிறது. மூன்று ஆசிரியர்கள் ஒரு மாதம் சேர்ந்து உட்கார வேண்டும், அதுதான் நம் பள்ளிகளில் அரிது. மதிப்பெண் பங்கீட்டை மாற்றுவது அதைவிடச் சுலபம். நூறு மதிப்பெண்ணில் தோற்றத்துக்கும் மோட்டாருக்கும் இருபது போதும். எண்பதைச் சுமையை நகர்த்திச் செய்யும் சோதனைக்கும், அதைப் பார்த்து மாணவர்கள் தம் படகை எப்படித் திருத்தினார்கள் என்பதற்கும், துறையையும் பயணியையும் அவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்தார்கள் என்பதற்கும் கொடுக்கலாம். முதல் மாதிரி கவிழ்ந்ததற்காக ஒரு மதிப்பெண்ணும் குறையக்கூடாது, கவிழ்ந்த கோணத்தைப் பதிவுசெய்யாமல் விட்டால் குறைக்கலாம். நடுவர் மேசையில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இருக்கட்டும், கூடவே அந்தப் பகுதியில் பல ஆண்டு படகோ பரிசலோ ஓட்டியவர் ஒருவரும், தினமும் அக்கரைக்கு வேலைக்குப் போய்வரும் பயணி ஒருவரும் உட்காரட்டும். நாணயங்களை எந்தப் பக்கம், எத்தனை, எப்போது நகர்த்துவது என்பதை மாணவர்களிடம் விடாமல் அந்த இருவரிடம் விட்டுவிடலாம். மழை அடிக்கும் பக்கம் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதும், கரை நெருங்கும்போது முதலில் இறங்க எல்லோரும் முன்பக்கம் திரள்வார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.